ஈமு, அல்பாகா: முதலீடு என்று நம்பி வளர்த்தவர்களின் அனுபவம்

பெருந்துறைப் பக்கத்திலிருந்து:

எங்க சித்தப்பா தோட்டத்தில் ஈமு, அதாவது நெருப்புக்கோழி மாதிரியான பெரிய பறவை, வளர்த்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். ஈமு கம்பெனியில் 1.5 லட்சம் டெபாசிட் கட்டினால் 6 குஞ்சு. கொட்டகையும் தீவனமும் கம்பெனி பொறுப்பு. மாசம் 6,000 ரூபாய், வருஷத்துக்கு 20,000 போனஸ், 2 வருஷம் முடிந்தால் கட்டிய பணம் வாபஸ். ஆரம்பத்தில் பணம் தேதி தவறாமல் வந்தது. அதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தில் நகையை அடகு வைத்துக் கட்டினார்கள். ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது. மழை பொய்த்த காட்டுக்காரருக்கு மாச வருமானம் என்றால் என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

2012 ஆகஸ்டில் கம்பெனியிலிருந்து வருவதெல்லாம் நின்றது, தீவனமும் சேர்த்துத்தான். ஆளுயரப் பறவைகள் கம்பி வலை ஓரமாக வரிசை கட்டி நிற்கும். சித்தி முட்டைக்கோஸை நறுக்கிக் கொண்டு போனால், கோஸை விட்டுவிட்டு அவர் கை வளையலைக் கொத்தும். மின்னுகிற எதையும் விடாது. ராத்திரியில் பெட்டையின் கழுத்துப் பையிலிருந்து வரும் 'டும் டும்' சத்தத்தில் சித்தப்பா தூங்கவே இல்லை. பிறகு அரசாங்கமே பறவைகளுக்குத் தீவனம் போட ஏற்பாடு செய்தது. கம்பெனி மேல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு, கோவை சிறப்பு நீதிமன்றத்துக்கு அலைச்சல்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அத்தனை வருஷத்தில் எங்க ஊர்க் கறிக்கடையில் ஈமு கறி தொங்கி நான் பார்த்ததில்லை. முட்டையெல்லாம் குஞ்சு பொரிக்க, குஞ்செல்லாம் அடுத்த டெபாசிட்காரருக்கு. வாங்கித் தின்ன ஆள் யார் என்று யாருமே கேட்கவில்லை.

அமெரிக்கா, ஒஹாயோவிலிருந்து:

நீங்க சொன்ன அதே கதை இங்கே அல்பாகாவில் நடந்தது, அண்ணா. ரோமத்துக்காக வளர்க்கும், ஒட்டகக் குடும்பத்துப் பிராணி அது. மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு அதேதான். 1984-இல் தென்னமெரிக்காவிலிருந்து வணிகத்துக்காக வந்து இறங்கின. 1998-இல் வெளிநாட்டு அல்பாகாக்களை இங்குள்ள இனப் பதிவேட்டில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள், விலை ஏறியது. நல்ல பெட்டை ஒன்று 20,000 டாலருக்கு மேலேயும் போனது. வருமான வரிச் சலுகை வேறு. சினை 11 மாதத்துக்கு மேல், ஈற்றுக்கு ஒரே குட்டி, அதனால் சரக்கு எப்போதும் தட்டுப்பாடு. ரோமமோ வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டினால் சில கிலோதான். அதை விற்று அந்த விலையை எந்தக் காலத்திலும் எடுக்க முடியாது. பெரு நாட்டில் மலைமேல் மந்தை மந்தையாக வளர்ப்பவர்களோடு ரோம விலையில் போட்டி போடவும் முடியாது. வாங்கியவர் எல்லாருமே குட்டி விற்க வந்தவர்கள். 2008 பொருளாதார நெருக்கடியில் வாங்க ஆளில்லை, விலை சரிந்தது.

எங்க பக்கத்துப் பண்ணைப் பெரியவர் இன்னமும் வளர்க்கிறார். நூல் நூற்று சாக்ஸ் பின்னி சந்தையில் விற்கிறார். வைக்கோல் செலவுக்குக் கட்டும். காயடித்த கிடாக்களைக் கேட்பவர்களுக்குச் சும்மாவே கொடுக்கிறார். ஒரே நிபந்தனை, ஜோடியாகத்தான் ஓட்டிப்போக வேண்டும். தனியாக இருந்தால் அது தீனி எடுக்காது என்பார்.