முறுக்குவிசையா, திருப்புதிறனா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

செங்கோட்டை, ஓட்டுநர் பயிற்சியாளர்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டார்க்’, அதாவது எஞ்சின் தண்டைச் சுழற்றும் பலம், அதற்குத் தமிழ்ச்சொல் வர வேண்டிய இடங்களை மட்டும் இன்னும் காலியாக விட்டிருக்கிறேன்.

நேற்று புளியரை ஏற்றத்தில் ஒரு பையன் நாலாவது கியரிலேயே 40 கி.மீ. வேகத்தில் ஏறப் பார்த்தான். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தியும் வண்டி உதறியதே தவிர வேகம் பிடிக்கவில்லை. இரண்டுக்கு மாற்றச் சொன்னேன். ஒரு உறுமல், அப்புறம் விறுவிறுவென்று ஏறிவிட்டது. “அதே எஞ்சின்தானே சார், பலம் எங்கேருந்து வந்துது?” என்றான்.

வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நாலில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று, டார்க் 90 நியூட்டன் மீட்டர் என்று வைப்போம். கியர் விகிதம் 1, சக்கரத்துக்கு முன்னால் கடைசிப் பல்லிணைப்பான டிஃபரன்ஷியலில் 4. மூன்றையும் பெருக்கினால் சக்கரத்துக்கு 360 கிடைக்கும். இரண்டாவது கியரின் விகிதம் 2. அதே வேகத்துக்கு எஞ்சின் 3,000 சுற்று சுற்றும், அங்கே டார்க் 110. சக்கரத்துக்கு 880! உராய்வில் போவதை விட்டுவிடுங்கள். எஞ்சினின் டார்க்கைச் சுற்றால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் பவர், கிலோவாட்டில். குதிரைத்திறன் கணக்கில் நாலில் 19 எங்கே, இரண்டில் 46 எங்கே! எஞ்சினின் டார்க் கூடியது கொஞ்சம்தான்.

பிள்ளைகளில் பாதிப்பேர் ஆரியங்காவு, தென்மலைப் பக்கம், மலையாளத்தில் படித்தவர்கள். அவர்களுக்கும் புரிகிற சொல்லாகச் சொல்லுங்கள்.

தென்காசி, தமிழாசிரியர் (ஓய்வு):
தம்பி, ‘திருப்புதிறன்’ என்று போடுங்கள். வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று மிகாது. ‘திருப்புத்திறன்’ என்று எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள். குதிரைத்திறனில் மிகும், அது வேற்றுமைத்தொகை.

நாகர்கோவில், பொறியாளர்:
ஒற்று கிடக்கட்டும் ஐயா. ‘திறன்’ என்றால் பவர். ஒரே பக்கத்தில் திருப்புதிறன், குதிரைத்திறன் என்று இரண்டு திறன் வந்தால், இரண்டும் ஒன்றென்றே பையன் முடிவு கட்டுவான். அந்தக் குழப்பம் தீரத்தானே கையேடு? ஈழத்தில் பவருக்கு ‘வலு’, ஹார்ஸ்பவருக்குப் ‘பரிவலு’. அவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நமக்கு முறுக்குவிசை போதும், ஏற்கெனவே புழங்குகிறது.

பாலக்காட்டுச் சித்தூர், இயற்பியல் ஆசிரியை:
விசையும் தப்புதான் அண்ணாச்சி. விசைக்கு அலகு நியூட்டன், இதற்கு நியூட்டன் மீட்டர். இறுகிப்போன வீல் நட்டை ஸ்பானரின் நடுவில் பிடித்துத் திருகினால் அசையாது, நுனியில் பிடித்தால் அதே கை கழற்றிவிடும். விசையா மாறியது? தூரம்தானே! இங்கே ஒர்க்‌ஷாப்பில் ‘வலிவு போரா’ என்பார்கள், இழுவை போதாது என்று பொருள். துடுப்பு வலித்தல் நம் பழைய சொல்தானே, ‘வலிவு’ என்றே வைத்தால் என்ன?

நாகர்கோவில்:
வலிவு என்றால் நம்மூரில் உடம்புப் பலம். கொஞ்சம் வாய் தவறினால் வண்டிக்கு வலிப்பு வந்துவிடும்.

குப்பம், மொழி ஆர்வலர்:
யாரும் வேரைத் தொடவில்லை. திரி, திருகு, திரிகை, திரும்பு எல்லாம் ஒரே வேர். ‘டார்க்’ கூட நம் ‘திருகு’ கடல் தாண்டிப் போனதுதான். அதை மீட்டு ‘திருகம்’ என்று வைக்கலாம்.

பாலக்காட்டுச் சித்தூர்:
அது லத்தீன் ‘டார்க்வேரே’. முறுக்குவது என்று பொருள். ஒலி ஒத்தால் உறவு என்றால், ஆங்கில ‘ஒன்’னும் நம் ‘ஒன்று’ம் சித்தப்பா பிள்ளைகள்தான்.

குப்பம்:
ஏன், இல்லையா?

நாகர்கோவில்:
ஐயா, ஒரு சந்தேகம். வினைத்தொகையில் ஒற்று மிகாதென்றால் ஆட்டுக்கல்லை என்ன செய்வது?

தென்காசி:
அது ஆட்டுகல். ‘ஆட்டுக்கல்’ என்றால் ஆட்டினுடைய கல். என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை.

செங்கோட்டை:
பெரியவர்களே, மாவு அப்புறம் ஆட்டலாம். அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். முறுக்குவிசைக்கு மூன்று பேர், வலிவுக்கு ஒருவர், திருகத்துக்கு ஒருவர். முறுக்குவிசை என்றே போட்டுவிட்டேன். கீழே சின்ன எழுத்தில்: ‘பெயரில் விசை உண்டு, ஆனால் இது விசை அன்று, விசையையும் தூரத்தையும் பெருக்கியது.’ ஸ்பானர் படமும் உண்டு, நன்றி டீச்சர்.

தென்காசி:
அந்த மூன்று பேரில் நான் இல்லை. திருப்புதிறன். ஆட்டுகல்லும்தான்.