ஜான் ஆபிரகாமின் மற்ற மூன்று படங்களை எந்த வரிசையில் பார்க்கலாம்?

கொலுசுப்பட்டறை:
போன வாரம் ஏற்காட்டில் நண்பர் வீட்டில், மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு ராத்திரியில் 'அக்ரகாரத்தில் கழுதை' பார்த்தேன். 1977ஆம் வருடத் தமிழ்ப் படம், இயக்குநர் ஜான் ஆபிரகாம், தேசிய விருது வாங்கியது, நாற்பது வயதாகும் எனக்கு இதன் பேர்கூடத் தெரியாமல் இருந்தது என்பது இன்னும் உறுத்துகிறது. தாயை இழந்த கழுதைக்குட்டியை ஒரு பேராசிரியர் வளர்க்கிறார், அக்ரகாரம் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டு அடித்துக் கொல்கிறது, கொன்றவர்களே அப்புறம் அதைச் சாமியாக்குகிறார்கள். நண்பர் "நாடகம் மாதிரி இருக்கு, எடிட்டிங் தாவித் தாவிப் போகுது" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் வரவில்லை. ஜான் எடுத்தது மொத்தமே நாலு படமாம், மீதி மூன்றும் மலையாளமாம். எதில் தொடங்கலாம்?

அஸ்தம்பட்டி பழைய ரசிகன்:
எடுத்த வரிசையிலேயே பாருங்கள் தம்பி. 1972இல் 'வித்யார்த்திகளே இதிலே இதிலே', 1979இல் 'செறியாச்சன்டெ குரூர கிருத்யங்கள்', 1986இல் 'அம்ம அறியான்'. முதல் படம் மற்றவற்றை விடச் சாதாரணமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். மலையாளம் என்று தயங்கவும் வேண்டாம். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது, ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் வாசல் வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான் வரும். நாம் அவர்களுக்கு ஒரு படம் எடுத்துக் கொடுத்தோம், அங்கிருந்து ஜான் வந்து நமக்கு ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் நண்பருக்கு ஒன்று சொல்லுங்கள். ஜான் பூனா திரைப்படக் கல்லூரியில் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கிடம் படித்தவர். ஓர் உணர்ச்சியில் நம்மைச் சுகமாக உட்கார வைத்துவிட்டால் நாம் யோசிக்க மாட்டோம் என்பதால் அவர் அங்கங்கே வெட்டி எழுப்பிவிடுகிறார், அந்தத் தாவல் வேண்டுமென்றே செய்தது. பேராசிரியராக வரும் எம். பி. சீனிவாசன் தொழிலால் இசையமைப்பாளர், திரைக்கதை எழுதிய வெங்கட் சாமிநாதன் விமர்சகர். பழகிய நடிப்பு வேண்டாம் என்று நினைத்துத்தான் இப்படி ஆட்களைப் பிடித்திருப்பார் என்பது என் எண்ணம்.

சேர்வராயன் காப்பித்தோட்டம்:
நான் வரிசையை மாற்றுவேன். கழுதைக்கு அப்புறம் நேராகச் செறியாச்சன். குட்டநாட்டில் கூலிக்காரர்களைப் போலீஸ் அடிப்பதை ஒளிந்திருந்து பார்க்கும் ஒரு நிலக்காரர், தான் கை வைக்காத குற்றம் தன்னைத் துரத்துவதாகப் பயந்து பயந்து கரைந்துபோகிறார். நடித்தவர் அடூர் பாசி, நகைச்சுவைக்குப் பேர்போனவர். நான் தோட்டத்தில் மேஸ்திரியாக இருப்பவன், ஆட்களை அதட்டும் சத்தத்தைக் கேட்டும் கேட்காத மாதிரி போன நாட்கள் எனக்கு உண்டு. அந்த முகத்தைப் பார்த்தபிறகு அப்படிப் போக முடியவில்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். 1987இல் கோழிக்கோட்டில் கட்டடத்திலிருந்து விழுந்து அவர் இறந்தபோது வயது 49. அதையும் அவர் குடித்ததையும் பற்றிப் பேசுகிறவர்களைத்தான் எங்கும் பார்க்கிறேன், படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரொம்பக் குறைவு. இங்கேயாவது படத்தைப் பேசுவோம்.

அஸ்தம்பட்டி பழைய ரசிகன்:
சரி, செறியாச்சனை முன்னால் வைப்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் 'அம்ம அறியான்' கடைசியில்தான். தற்கொலை செய்துகொண்ட ஓர் இளைஞனின் அம்மாவுக்குச் சேதி சொல்ல வயநாட்டிலிருந்து ஒருவன் கொச்சிக்குக் கிளம்புகிறான், வழியில் ஒவ்வொரு வீடாக நண்பர்கள் சேர்ந்துகொண்டே வருகிறார்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அம்மா. படம் முழுக்க அவன் தன் அம்மாவுக்கு எழுதும் கடிதம். அந்தப் படத்துக்குத் தயாரிப்பாளர் என்று ஒரு முதலாளி கிடையாது. ஒடேசா என்று ஒரு குழு அமைத்து, ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் சிறுகச் சிறுக வாங்கிய காசில் எடுத்தார்கள். ஆள் சேர்ந்து சேர்ந்து ஊர்வலமாவது கதையிலும் நடக்கிறது, காசு சேர்ந்த விதத்திலும் நடக்கிறது, இரண்டும் ஒன்றாகவே எனக்குத் தெரிகிறது. இத்தனை வருடத்தில் இப்படி இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

கொலுசுப்பட்டறை:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி மேஸ்திரி அண்ணா. வருகிற ஞாயிறு பட்டறை லீவு, செறியாச்சனைப் போடுகிறோம், அந்த நண்பரையும் கூப்பிட்டிருக்கிறேன். 'அம்ம அறியான்' மட்டும் என் அம்மாவுடன் உட்கார்ந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்குச் சப்டைட்டில் படிக்க வராது, பக்கத்தில் இருந்து நான் சொல்லிக்கொண்டே வருவேன்.