மறு: மறு: காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் வாக்கியம், தமிழில் என்ன?

மண்டபம் டீச்சர்:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஆங்கில இலக்கணக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிம்பிளுக்குத் தனி வாக்கியம், காம்பவுண்டுக்குத் தொடர் வாக்கியம், காம்ப்ளெக்ஸுக்குக் கலவை வாக்கியம் என்று போட்டுவிட்டேன். இரண்டும் சேர்ந்து வரும் நாலாவதுக்குத்தான் சொல் இல்லை. உதாரணம்: "காற்று வலுத்ததால் நாட்டுப்படகுகள் திரும்பிவிட்டன, ஆனால் விசைப்படகுகள் திரும்பவில்லை."

கீழக்கரை ஐயா:
தொடர்கலவை. வேலை முடிந்ததம்மா.

தேவிபட்டினம் அண்ணன்:
எங்கே முடிந்தது? தமிழ் இலக்கணத்தில் தொகாநிலைத் தொடர் என்று சொற்றொடர் வகை ஒன்பது படித்த எவனுக்கும் 'தொடர்' என்றால் வேறு ஞாபகம்தான் வரும். 'விரவு வாக்கியம்' என்று வையுங்கள். சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது என்று உயர்திணை, அஃறிணை இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால்தானே சாத்தன் விரவுப்பெயர்? நிரவு, பரவு, விரவு மூன்றும் ஒரு தாய் பிள்ளைகள் என்பது என் கட்சி, அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மண்டபம் டீச்சர்:
எழுதுங்கள் அண்ணே, வெள்ளிக்கு அப்புறம். பிள்ளைகள் அதை விரைவு வாக்கியம் என்று படித்து, சேது எக்ஸ்பிரஸா டீச்சர் என்று கேட்பார்கள். பேசாமல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் விட்டுவிடவா?

தேவிபட்டினம் அண்ணன்:
நம் சீமைப் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தது இதற்குத்தானா!

தொண்டி தம்பி:
பெயர் கிடக்கட்டும். டீச்சர் தந்த தமிழ் வாக்கியத்தில் முற்று, அதாவது பொருள் முடிந்து நிற்கும் வினை, எத்தனை? திரும்பிவிட்டன, திரும்பவில்லை, இரண்டுதான். 'வலுத்ததால்' முற்று இல்லை. அதையே ஆங்கிலத்தில் 'பிகாஸ் த விண்ட் ரோஸ்' என்றால் 'ரோஸ்' தன் எழுவாயோடு நிற்கும் முழு முற்று, ஆக மூன்று. நம் எச்சம் செய்கிற வேலையைப் பல இடங்களில் அங்கே முற்றே செய்கிறது. தமிழில் பெயர்த்துப் பார்த்து எண்ணுகிற பிள்ளை நாலாவது வகையைத் தொடர் வாக்கியம் என்றுதான் எழுதும். ஆங்கில வாக்கியத்திலேயே முற்றை எண்ணச் சொல்லுங்கள், அப்புறம் எந்த முற்றுக்கு முன்னால் பிகாஸ், வென், இஃப் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.

கீழக்கரை ஐயா:
"காற்று வலுத்தது என்று சொன்னார்" என்பதில் முற்றுக்குள் முற்று வருகிறதே தம்பி, அதை என்ன செய்வீர்?

தொண்டி தம்பி:
'என்று' தனிக் கதை ஐயா. கையேட்டில் அதைத் தொடவேண்டாம்.

மண்டபம் டீச்சர்:
சரி. தொடர்கலவை என்றே போடுகிறேன், முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸும் கூடவே இருக்கும். முற்று எண்ணும் பயிற்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று.

தேவிபட்டினம் அண்ணன்:
நன்றியுரையில் என் பெயர் வேண்டாம். விரவுதான் சரி.