கலைச்சொல்: 'மிக்ஸட் மீடியா'வுக்கு என்ன வைக்கலாம்?

வணக்கம் மக்களே,

ஓவியக் காட்சியில படத்துக்குக் கீழ ஒட்டுற சீட்டுல 'மிக்ஸட் மீடியா, தாள்'னு போடுவாங்கல்ல, அதாவது ஒரே படத்துல மை, கரி, துணின்னு பல பொருளைக் கலந்து பண்ணினது, அதுக்கு அக்கா போன மடல்ல 'கலப்பு ஊடகம்'னு சொல்லியிருந்தாங்க. எனக்கு ஒட்டல. ஊடகம்னாலே இப்ப டிவியும் பேப்பரும்தான், 'தாளில் கலப்பு ஊடகம்'னு படிச்சா ஏதோ தினத்தாள் விவகாரம்னு போயிருவாங்க. பல்லூடகத்தைக் கம்ப்யூட்டர்காரங்க எடுத்துக்கிட்டாங்க. பல்பொருள்னு வெச்சா அங்காடிதான் ஞாபகம் வருது :)

சரி, நிஜ சீட்டு ஒண்ணத் தமிழ்ப்படுத்திப் பாப்போம்னு உக்காந்தேன். ராபர்ட் ரவுஷன்பெர்க்னு ஒரு அமெரிக்க ஓவியர் 1953ல பண்ணினது, 'அழிக்கப்பட்ட டி கூனிங் ஓவியம்'னு பேரு, கருத்துருக் கலைக்கு (செஞ்ச பொருளைவிட எண்ணந்தான் முக்கியம்ங்கிற கலை) முன்னோடின்னு காட்டுற வேலை. முதல்ல சொந்த ஓவியத்தையே அழிச்சுப் பாத்திருக்கார், அது பத்தலன்னு தோணி ஒரு விஸ்கி பாட்டிலோட வில்லெம் டி கூனிங் வீட்டுக்குப் போய், அவர் அப்ப நியூயார்க்ல பெரிய ஓவியர், 'உங்க ஓவியம் ஒண்ணு குடுங்க, அழிக்கணும்'னு கேட்டிருக்கார். அவருக்குப் பிடிக்கல, ஆனா விஷயம் புரிஞ்சுது, வேணும்னே அழிக்கக் கஷ்டமானதாப் பாத்து எடுத்துக் குடுத்தார். ரப்பர் ரப்பரா தேய்ச்சு வாரக்கணக்குல ஆச்சு. மிஞ்சினது மங்கலா கறை படிஞ்ச தாள், இன்னொரு ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் எழுதிக்குடுத்த பேர்ச்சீட்டு, தங்கமுலாம் சட்டம். 1998ல சான்ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்துருச்சு.

அவங்க பொருள் விவரத்துல பொத்தாம்பொதுவா ஒரு வார்த்தை போட்டு முடிக்கல, சட்டத்தையும் பேர்ச்சீட்டையும் கூடச் சேத்து எழுதியிருக்காங்க. நான் தமிழ்ல எழுதினது: 'தாளில் வரைபொருள் சுவடுகள், பேர்ச்சீட்டு, தங்கமுலாம் சட்டம்'. முதல்ல 'எச்சங்கள்'னுதான் போட்டேன், வீட்ல படிச்சுக் காட்டினா 'காக்கா எச்சமா?'ன்னு கேட்டாங்க, அடிச்சுட்டேன். சுவடு பரவால்ல. 2010ல அருங்காட்சியகத்துக்காரங்க டிஜிட்டலா படமெடுத்து, மிச்சமிருந்த கோடுகளைத் தெளிவாக்கிக் காட்டினப்ப உருவங்க தெரிஞ்சுது, அது சுவடு பாத்துப் போற வேலைதானே.

இப்ப 'வரைபொருள்'. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. வரைந்த, வரைகிற, வரையும், மூணும் உள்ள இருக்கு, எந்தக் காலம்னு வெளிய காட்டாது. வரைஞ்சு அழிச்ச படத்துக்கு இதவிட என்ன வேணும்? மை, கரி, பென்சில், கிரேயான் எல்லாம் வரைபொருள், கலந்தா 'கலவை வரைபொருள்'. எப்படி?

* * *

தம்பி, ஊடகம் சரியில்லன்னு நீங்க சொன்னது ஞாயந்தான், விட்டுட்டேன். ஆனா வரைபொருள்னா வரையப்படுற பொருள்னும் வருமே? மாம்பழத்தை வரைஞ்சா மாம்பழமும் வரைபொருள்தான். துணி, மணல், சினிமா டிக்கெட்டுன்னு தாள்ல ஒட்டுறவங்களுக்கு என்ன சொல்லுவீங்க, அவங்க எங்க வரையறாங்க? அதவிட, உங்க ஆளு வரையவே இல்ல, அழிச்சாரு. ரப்பர் எந்தக் கணக்கு?

* * *

அக்கா, மாம்பழத்துக்குப் பதில் இருக்கு. 'எழுதுபொருள்' கடைல என்ன விக்கிறாங்க, எழுதப்படுற விஷயத்தையா? பேனா, பென்சில், தாளு. யாருக்கும் குழப்பம் வரலியே, வரைபொருளும் அப்படியே பழகிரும்.

ஒட்டுறவங்க விஷயத்துல மாட்டிக்கிட்டேன், ஒத்துக்கறேன். 'வரை'யத் தூக்கிட்டு அங்க 'கலவைப்பொருள்'னு வெப்போம், 'தாளில் கலவைப்பொருள்'. வரைபொருள் கோட்டோவியத்துக்கு மட்டும் இருக்கட்டும். ஆனா முடிஞ்ச இடத்துல பொதுச்சொல்லே வேணாம்னுதான் இப்பவும் சொல்லுவேன், மைன்னா மை, கோந்துன்னா கோந்து, பேரைச் சொல்லி எழுதிட்டாப் போச்சு.

ரப்பருக்கு, எழுதுபொருள் கடைலதானே அதையும் விக்கிறான்னு சமாளிக்கலாம். ஆனா ரவுஷன்பெர்க் சொன்னதே ரப்பராலயும் வரைய முடியுமான்னு பாத்தேன்னுதான், அப்ப அதுவும் வரைபொருள்தானே? தாள்ல தங்காத வரைபொருள்.

இங்க எஞ்சினியருங்க இருந்தா ஒண்ணு சொல்லுங்க, கார் பம்பர், விமான இறக்கைக்கெல்லாம் போடுற கலவைக்கு (காம்போசிட்) நீங்க ஏற்கெனவே 'கலவைப்பொருள்'னு வெச்சிருக்கீங்களா? இல்லன்னா ஞாயித்துக்கிழமை நம்ம கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடறேன்.