கொரோனா: காய்ச்சல் விட்டும், தொடங்கின எட்டாம் நாள் பார்த்தது

பாம்பன் நர்ஸ்:
2021 மே. வல்லத்துல (நாட்டுப்படகு) மீன்பிடிக்கப் போற ஆளு. காய்ச்சல் தொடங்கி எட்டாம் நாள். "காய்ச்சல் விட்டுருச்சு சிஸ்டர், நாளைக்குக் கடலுக்குப் போகவா?"ன்னு நின்னுக்கிட்டே கேக்குறார். விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்ல ரத்த ஆக்சிஜன் 81 சதவீதம். உதட்டோரம் நீலம், பேச்சுல திணறலே இல்ல. மூச்சு முட்டுற உணர்வைக் கிளப்புறது பெரும்பாலும் ரத்தத்துல ஏறுற கார்பன் டை ஆக்சைடு. கெட்டுப்போன நுரையீரல்லயும் அது ஓரளவு வெளியேறிடும், ஆக்சிஜன்தான் ஏறாது. அதனால "மூச்சு நல்லாத்தான் இருக்கு"ங்கிற பதிலை நம்பாதீங்க. 94-க்கு மேல இருந்தாலும் ஆறு நிமிஷம் நடக்கவிட்டுப் பாருங்க. 3 புள்ளி இறங்கினாலே டாக்டர்கிட்ட காட்டணும்.

ராம்நாட் லேப்:
ஒன்பதாம் நாள் மூக்குல எடுத்த ஸ்வாப்ல சிடி (பிசிஆர் டெஸ்ட்ல வைரஸ் தெரிய ஆன சுற்று எண்ணிக்கை, ஸ்கேன் இல்ல) 33, அதே ஆளுக்கு சிஆர்பி (உடம்புல அழற்சியைக் காட்டுற ரத்த டெஸ்ட்) 140. சிடி கூடினா வைரஸ் குறைச்சல்னு அர்த்தம். வைரஸ் குறையுது, ஆள் மோசமாகுறார். வீட்டுக்காரங்க ரிப்போர்ட் மாறிப்போச்சுன்னு சண்டை.

மாறல. வைரஸோட ஸ்பைக் புரதம் நம்ம செல்லு மேல இருக்கிற ஏசிஇ-2ங்கிற புரதத்தைப் பிடிச்சு உள்ளே போகுது. முதல்ல மூக்கு, தொண்டை. அப்புறம் நுரையீரலோட காற்றுப்பை. பக்கத்து செல்களை உஷார்ப்படுத்துற இன்டர்ஃபெரானை வைரஸ் தாமதப்படுத்திடுது. அறிகுறி தெரியுற சமயத்துலயே வைரஸ் உச்சத்துல இருக்கும். சிலருக்கு ரெண்டாம் வாரம் எதிர்ப்பு அடங்காம ஐஎல்-6 மாதிரி சமிக்ஞைகள் ஏறும், நுரையீரலோட நுண் ரத்தக்குழாய்ல நீர் கசியும், ரத்தம் உறையும். ரத்தக்கட்டியைக் காட்டிக்கொடுக்குற டி-டைமர் டெஸ்ட் ஏறுறது அதனாலதான்.

கீழக்கரை பார்மசி:
லேப் அண்ணே, நீங்க சொன்னது சரி. ஆனா அதைப் பாதி கேட்டுட்டு ரெண்டாம் நாளே எதிர்ப்பை அமுக்குற ஸ்டீராய்டு வாங்க வர்றாங்க. ஒரு சர்க்கரைக்காரர் சட்டைப்பையில டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு அட்டை, நாலு மாத்திரை தீர்ந்திருந்துச்சு. சீட்டு கிடையாது, சேச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன்) 98. 2020-ல பிரிட்டன்ல நடந்த ரெகவரி ஆய்வுல இதே மருந்தைத் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தப்போ பலன் கிடைச்சது ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவங்களுக்குத்தான். மத்தவங்களுக்குப் பலன் இல்ல. வைரஸ் பெருகுற நாள்ல எதிர்ப்பை அமுக்கினா வைரஸுக்குத்தான் வசதி. சர்க்கரையும் எகிறும், கறுப்புப் பூஞ்சை அங்கேதான் புகுந்துச்சு. ஒரு பக்க முகவலி, மூக்குல கறுப்பா ஒழுகுறது, பல் ஆடுறது, எது வந்தாலும் அன்னிக்கே காது-மூக்கு-தொண்டை டாக்டர்.

மண்டபம் சுகாதாரச் செவிலியர்:
பாம்பன் அக்கா சொன்ன 81 நிஜமான 81. கடல்பாசி எடுத்துட்டுக் கரையேறுற பொம்பளைங்க விரல்ல மாட்டினா வர்ற 86 அப்படி இல்ல. மணிக்கணக்கா தண்ணியில கிடந்த விரல் வெளுத்துச் சுருங்கி ஐஸா இருக்கும், ரத்த ஓட்டம் குறைஞ்சு கருவி தடுமாறும். ஒரு அக்காவுக்கு 86 காட்டி, கை சூடானதும் 97. கையைத் தேய்ச்சு, துடைச்சு, அஞ்சு நிமிஷம் உட்கார வைங்க. நகப்பூச்சு, மருதாணி இல்லாத விரல் பாருங்க, நடுவிரல் நல்லது. கை மேசையில அசையாம இருக்கணும். எண் நிலைச்சு நின்னப்புறம் குறிங்க. கருவி காட்டுற நாடித்துடிப்பை மணிக்கட்டுல எண்ணி ஒத்துப்பாருங்க, ஒத்துவரலேன்னா அந்தச் சேச்சுரேஷனும் செல்லாது. ஆனா ஆள் குழம்பிப் பேசினாலோ உதடு நீலமா இருந்தாலோ தேய்ச்சுக்கிட்டு நிக்காதீங்க, முதல்ல 108. வண்டி வர்ற வரைக்கும், முடிஞ்சவங்களைக் குப்புறப் படுக்க வைங்க. முதுகுப்பக்க நுரையீரல் விரிஞ்சு கொடுக்கும்.