சொந்த வாத்தியத்தைச் சாம்ப்ளரில் ஏற்றியவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

மாடிஸ்டுடியோ:

பறையைப் பதிவு செய்து, கீபோர்டில் வாசிக்கிற மாதிரி ஒரு கருவி கட்டி முடித்திருக்கிறேன். பதிந்த ஒலித் துண்டுகளை (சாம்பிள்) கட்டையை அழுத்தும்போது ஒலிக்க வைக்கும் மென்பொருள்தான் சாம்ப்ளர், நான் எடுத்தது இலவசமாகக் கிடைக்கும் டீசென்ட் சாம்ப்ளர். மென்பொருள் பக்கத்துக்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. தோல் பக்கம் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் அதையே சொல்கிறேன்.

பறை தீயில் காய்ந்ததும் கணீரென்று பேசும், ஆற ஆறச் சுருதி இறங்கும். வாசிக்கிறவருக்கு இது பழகிய சமாச்சாரம். நடுவில் எழுந்து போய்த் தீயில் காட்டிவிட்டு வந்துவிடுவார். சாம்பிள் எடுக்கிறவனுக்குத்தான் வம்பு. தடித்த அடிக்குச்சியின் அடிகளையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு மெல்லிய சிண்டுக்குச்சிக்கு வந்தால், இரண்டும் வேறு வேறு பறை மாதிரி கேட்கும். அதனால் ஒரு முறை காய்ச்சினால் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டோம். அடிக்குச்சி, சிண்டு, இரண்டும் சேர்ந்து விழும் அடி, மூன்றையும் மெதுவிலிருந்து பலம் வரை ஒரே மூச்சில் எடுத்துவிட வேண்டும். அடுத்த சுற்றில் வரிசையைத் திருப்பிப் போட்டோம், இல்லையென்றால் எப்போதும் கடைசி அடிதான் தொங்கிப் போகும். ஒவ்வொரு சுற்றும் ஒரு ரவுண்ட் ராபின், அதாவது ஒரே கட்டையை மறுபடி மறுபடி அழுத்தும்போது மாறி மாறி ஒலிக்கும் பதிவுகளில் ஒன்று. சுற்றுக்குச் சுற்று இருந்த சின்னச் சுருதி வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டேன். வேகமாக வாசிக்கும்போது ஒரே ஒலி திரும்பத் திரும்ப விழும் அந்த மெஷின் கன் தொல்லை அதிலேயே போய்விட்டது.

இன்னொன்று. “மெதுவா ஒரு அடி மட்டும் அடிங்கண்ணே” என்றால் பறை அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தெருவில் வாசிக்கிற வாத்தியத்தைத் தனியாக, மெல்ல ஒரு தட்டு தட்டச் சொன்னால் மணிக்கட்டு விறைத்துக்கொள்கிறது. அப்புறம் ஒரு அடியை மெல்ல வாசித்துக்கொண்டே போகச் சொல்லி, அடிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விடச் சொன்னோம். கை இளகியது, அதிலிருந்து வெட்டி எடுத்தேன்.

மூன்று வகை அடி, ஐந்து வெலாசிட்டி அடுக்கு (கட்டையை அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப மெதுவிலிருந்து பலம் வரை), நான்கு ரவுண்ட் ராபின், மொத்தம் 60 கோப்பு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் நொடிக்கு 144 கிலோபைட்தான் ஆகும். இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

பெல்லோஸ்:

என்னுடையது ஆர்மோனியம். தோல் ஆறும் கவலை கிடையாது, ஆனால் ஒலி நிற்காமல் வர வேண்டுமே, ஒரு பகுதியையே திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் போட்டாக வேண்டும். 1960களின் மெல்லோட்ரான் என்ற டேப் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு இருக்கும், ஏறக்குறைய எட்டு நொடியில் அது தீர்ந்தால் ஒலியும் தீர்ந்தது. அந்தக் கஷ்டம் நமக்கு இல்லை என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

இரட்டை ரீடு (காற்றில் அதிரும் உலோக நாக்கு) பெட்டியில் ஒரே சுரத்துக்கு இரண்டு ரீடு, இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம். அதனால் ஒலி ‘வ்வா... வ்வா...’ என்று அலையும். லூப்பை அந்த அலையின் பாதியில் வெட்டினால், முனைகளைக் கரைத்துச் சேர்க்கும் கிராஸ்ஃபேட் எவ்வளவு போட்டாலும் ஒரு விக்கல் வரும். நொடிக்கு ஒன்றரை அலை என்றால், லூப் இரண்டு நொடி (மூன்று அலை) அல்லது நான்கு நொடி (ஆறு அலை) இருக்க வேண்டும். முழு அலையாக முடிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இந்த வேகம் கட்டைக்குக் கட்டை மாறுவதால் ஒவ்வொன்றாகக் காதில் கேட்டுத்தான் போட வேண்டும். ஒரு சாம்பிளை நாலு கட்டைக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அலையின் வேகமும் சேர்ந்து ஏறிவிடும். கட்டையை விடும்போது வரும் அந்த ‘டக்’ சத்தத்தைத் தனியே பதிந்து, விரலை எடுத்தால் ஒலிக்கும்படி வைத்தேன். பாதி உயிர் அதில்தான் இருக்கிறது.

தொப்பிப்பக்கம்:

மிருதங்கத்துக்கு வெட்டும் கணக்கு வேறு. இடப்பக்கத் தொப்பியில் ‘தொம்’ கார்வையோடு (நீடிக்கும் நாதத்தோடு) ஓடும்போது, அதே தொப்பியில் மூடிய அடி விழுந்தால் கார்வை அங்கேயே நிற்க வேண்டும். வலப்பக்க வலந்தலையில் எது விழுந்தாலும் அது நிற்கக் கூடாது. ஒரே சோக் குரூப்பில் (ஒன்று ஒலித்தால் மற்றதை நிறுத்தும் தொகுதி) எல்லாவற்றையும் போட்ட மிருதங்கங்களைக் கேட்டிருக்கிறேன், ஒற்றைக் கையால் வாசிக்கிற மாதிரி இருக்கும். இரண்டு கைக்கு இரண்டு குரூப், வேறு வழி இல்லை.

தொப்பியை மணிக்கட்டால் அழுத்திச் சுருதியை வளைக்கும் கும்கிக்கு, கீபோர்டின் பிட்ச் பெண்ட் (சுருதி வளைக்கும்) சக்கரத்தைத் திருப்பினால் கார்ட்டூன் சத்தம்தான் வரும். மணிக்கட்டு தோலில் அழுந்தி நகரும்போது சுருதி மட்டுமா மாறுகிறது, நாதமே மாறுகிறது. குட்டை, நடுத்தரம், நீளம் என்று மூன்று கும்கியை முழுசாகப் பதிந்து மூன்று கட்டையில் வைத்தேன்.

சுருதி மாற்றுவதும் அப்படித்தான். ஒரு கட்டை சுருதியில் எடுத்ததை ஐந்து கட்டை சுருதிக்கு ஏற்றினால் சாம்பிள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். கார்வை மூன்றில் ஒரு பங்கு குறைந்து பொம்மை மேளம் ஆகிவிடும். தக்கு (தாழ்ந்த) சுருதிக்கும் எச்சு (உயர்ந்த) சுருதிக்கும் தனித்தனி மிருதங்கம் வைத்திருக்கிறார்கள் இல்லையா, சாம்பிளும் அப்படித் தனித்தனியாக எடுப்பதுதான் நியாயம்.

கச்சேரிகீஸ்:

மேடையில் வாசிக்கிறவன் பேசுகிறேன். நீங்கள் அடுக்கெல்லாம் அழகாகப் போட்டாலும், விலை குறைந்த கீபோர்டில் கொஞ்சம் அழுத்தினாலே வெலாசிட்டி 110க்கு மேல் போய்விடும். மெல்லிய அடுக்கு கண்ணிலேயே படாது. எந்த அழுத்தத்துக்கு எந்த அடுக்கு என்று தீர்மானிக்கும் வளைவைச் சாம்ப்ளருக்குள்ளேயே மாற்ற வழி வையுங்கள். அப்புறம், சாம்பிளின் தலையில் இருக்கும் வெற்றிடம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வெளியே அனுப்பும் தொகுப்பு) 256 மாதிரிப் புள்ளி என்றாலே ஐந்து மில்லி நொடிக்கு மேல் போகிறது, அதோடு தலையில் ஒரு பத்து மில்லி நொடி வெற்றிடமும் சேர்ந்தால் தாளத்தில் கை வழுக்கும்.

மாடிஸ்டுடியோ அண்ணே, பறையை எல்லோருக்கும் கொடுப்பீர்களா?

மாடிஸ்டுடியோ:

வெற்றிடத்தை வெட்டிவிட்டேன். ஆனால் தோலில் குச்சி படும் அந்த முதல் ‘சட்’டை விட்டுவைத்தேன், அதையும் சேர்த்துச் செதுக்கினால் பறை தலையணை ஆகிவிடும். வளைவு மாற்ற ஒரு குமிழ் சேர்க்கிறேன், நல்ல யோசனை.

கொடுப்பதைப் பற்றி: வாசித்தவருக்கு அன்றைய கூலி கொடுத்தாயிற்று. ஆனால் அவர் கை இனி யார் யார் பாட்டிலோ ஒலிக்கப் போகிறது, அது கூலிக்குள் வருகிற விஷயமில்லை என்பதால் தனியாகக் கேட்டேன். சும்மா கொடுப்பதென்றால் கொடு, விற்றால் எனக்கும் பங்கு வேண்டும் என்றார். அதனால் பாட்டில் பயன்படுத்த எல்லோருக்கும் இலவசம், பொதி கட்டி விற்பவர்களுக்குக் கிடையாது. குமிழைப் போட்டுவிட்டு இணைப்பு தருகிறேன்.