பழைய ஐபாடுக்கு மெமரி கார்டு போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரூர்க்காரன்:
ஐந்தாம் தலைமுறை, 30 ஜிபி, மெலிசான முதுகு. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சந்தா கட்டும் செயலியில் நேற்று இருந்த பாட்டு இன்று சாம்பல் நிறமாகக் கிடக்கிறது, தொட்டால் ஓடுவதில்லை.

திறப்பதற்கு முன் கணினியில் செருகி, மறைந்திருக்கும் ஃபோல்டர்களைப் பார்த்தேன். பாட்டுக்கெல்லாம் அர்த்தமில்லாத நான்கெழுத்துப் பெயர்கள், உங்களுக்கே தெரியும். முன்பு வைத்திருந்தவர் எதையும் அழிக்கவில்லை. ஒன்றைத் தட்டினேன், சினிமாப் பாட்டு. இன்னொன்றைத் தட்டினால் ஒரு வயதான அம்மாவின் தாலாட்டு. நடுவில் இருமல். பின்னால் குக்கர் விசில். "போதுமாடா?" என்று கேட்கிறார். "இன்னும் கொஞ்சம் அப்பத்தா" என்கிறது ஓர் ஆண் குரல்.

கார்டு போட்டாயிற்று, பேட்டரியும் புதுசு. அதற்காகக் கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் மேஜையில் கிடக்கிறது. விற்றவர் யார் என்று கடையில் கேட்டேன். மொத்தமாக வந்த சரக்கு, தெரியாது என்கிறார்கள்.

மதுரைவாசி:
அழித்துவிடுங்கள் தம்பி. அது அடுத்தவர் வீட்டுக் குரல். எனக்கு இப்படி வந்ததில் யாருடைய கல்யாண வீடியோவோ இருந்தது. பார்க்காமல் ரீஸ்டோர் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதுகைத் திறந்ததும் சட்டென்று பிரிக்காதீர்கள். பேட்டரி ரிப்பனும் ஹெட்போன் ரிப்பனும் (தட்டையான மெல்லிய வயர்கள்) இரண்டு பாதியையும் பிடித்துக்கொண்டிருக்கும். பேட்டரி ரிப்பனை இழுக்கவே கூடாது, அதன் பழுப்பு நிறக் கொக்கியை நகத்தால் மெல்லத் தூக்கினால் தானே வரும். கொக்கி உடைந்தால் போர்டுக்கே வேலை வந்துவிடும். கார்டை முதலில் கணினியில் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள், போலிக் கார்டுகள் நிறைய வருகின்றன. ராக்பாக்ஸ் (ஆப்பிள் மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் இலவச மென்பொருள்) போடுவதாக இருந்தால் கார்டு ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்க வேண்டும், அதனால் ரீஸ்டோரை விண்டோஸில் செய்யுங்கள். டிஸ்க் போன இடத்தில் பெரிய பேட்டரி உட்காரும், கார்டு இழுக்கும் மின்சாரமும் குறைவு. 256 ஜிபியே போடுங்கள், எல்லா மாடலிலும் ஓடும்.

தவில்:
எல்லா மாடலிலும் ஓடாது சார். 2007, 2008 ஐபாட் கிளாசிக் மாடல்களில் ஆப்பிளின் சொந்த மென்பொருள் 128 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. கிளாசிக்கில் 2009 மாடலில்தான் அந்தத் தடை இல்லை. இவருடைய 30 ஜிபியில் ராம் வெறும் 32 எம்பி. பாட்டுகளை அள்ளிப் போட்டால் பட்டியலைத் தாங்காமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். ராக்பாக்ஸ்தான் வழி.

அழிக்கச் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. எங்கள் வீட்டு ஐபாடை, நான் ஊரில் இல்லாதபோது பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்கள். அப்பா விடிகாலையில் நாதஸ்வரம் சாதகம் செய்தது அதில்தான் இருந்தது. சீவாளியை வாயில் வைத்து நனைக்கிற சத்தம்கூடப் பதிவாகியிருந்தது. யாரோ ஒருவர் "அடுத்தவர் வீட்டுக் குரல்" என்று ரீஸ்டோர் கொடுத்திருப்பார். அதை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை. வைத்திருங்கள் தம்பி.

கரூர்க்காரன்:
அழிக்கவில்லை அண்ணா. கணினியில் ஒரு பிரதி எடுத்துவிட்டேன். பாட்டோடு சேர்ந்த விவரக் குறிப்பில் (டேக்) ஆல்பம் "பொங்கல் 2007", பாடியவர் "அப்பத்தா". தாலாட்டில் மாமன் ஊர் என்று ஒரு பெயர் வருகிறது, காதில் சரியாக விழவில்லை. சிவகங்கை, காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்புகிறேன்.